திரும்பும் விமானத்தில் குளூட்டன் இல்லாத சாப்பாடு: டிக்கெட்டில் குறித்தால் மட்டும் போதுமா?

வாசகர் கேள்வி, 28 டிசம்பர் 2024

எங்கள் மகளுக்குச் சீலியாக் நோய் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைக் கெடுக்கும் நோய்) இருப்பது சென்ற ஆண்டு தெரியவந்தது. மெல்போர்னிலிருந்து சிங்கப்பூர் வழியாகச் சென்னைக்கு வந்தபோது டிக்கெட்டிலேயே குளூட்டன் இல்லாத சாப்பாடு கேட்டிருந்தோம், சரியாகவே கொடுத்தார்கள். ஜனவரியில் திரும்புகிறோம். அதே டிக்கெட், அதே விமான நிறுவனம் என்பதால் திரும்பும்போதும் அதுவே போதும் என்கிறார் என் கணவர். போதுமா?

28 டிசம்பர், இரவு

போதாது. எனக்கும் சீலியாக்தான். நானும் மெல்போர்னில் வசிக்கிறேன். இப்போது பாளையங்கோட்டையில் அண்ணன் வீட்டிலிருந்து எழுதுகிறேன், பொங்கல் முடிந்து இதே வழியில்தான் திரும்புகிறேன்.

விமானத்தில் தரும் சாப்பாடு, பெரும்பாலும், விமானம் எந்த ஊரிலிருந்து கிளம்புகிறதோ அந்த ஊர்ச் சமையல்கூடத்தில் செய்து ஏற்றப்படுவது. வரும்போது மகள் சாப்பிட்டது மெல்போர்னிலும் சிங்கப்பூரிலும் சமைத்தது. திரும்பும்போது முதல் தட்டு சென்னையிலிருந்து ஏறும். நிறுவனம் ஒன்றாக இருந்தாலும் சமைக்கும் கை வேறு, வாங்கும் மளிகை வேறு. ஆகவே வரும்போது சரியாக இருந்தது என்பதை வைத்துத் திரும்பும்போதும் சரியாக இருக்கும் என்று எண்ண முடியாது.

இன்னொன்று, சிறப்பு உணவுக் கோரிக்கை ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாகப் பதிவாகிறது. பயண நேரம் மாறினாலும், விமானம் மாறினாலும், கூட்டு நிறுவனம் ஒன்றின் விமானத்துக்கு மாற்றினாலும் அந்தக் கோரிக்கை சத்தமில்லாமல் உதிர்ந்துவிடுவது உண்டு. குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பும், சில நிறுவனங்களில் 48 மணி நேரத்துக்கு முன்பும் கேட்டிருக்க வேண்டும் என்பதால், விமான நிலையத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது. மூன்று நாள் முன்பே தொலைபேசியில் அழைத்து, சென்னை–சிங்கப்பூர், சிங்கப்பூர்–மெல்போர்ன் இரண்டிலும் பதிவாகியிருக்கிறதா என்று வாய்விட்டுப் படித்துக்காட்டச் சொல்லுங்கள்.

29 டிசம்பர்

நீங்கள் சைவம் என்று அடுத்த பதிவில் எழுதியிருப்பதால் இதைச் சொல்லியாக வேண்டும். குளூட்டன் இல்லாத உணவுக்கு விமானத் துறையில் ஜி.எஃப்.எம்.எல். என்று குறியீடு, இந்திய முறைச் சைவ உணவுக்கு ஏ.வி.எம்.எல். பெரும்பாலான நிறுவனங்களில் ஒருவருக்கு ஒரு குறியீடுதான் போட முடியும். ஜி.எஃப்.எம்.எல். கேட்டால் கோழியோ மீனோ வரலாம். ஏ.வி.எம்.எல். கேட்டால் சப்பாத்தியும் ரவைக் கேசரியும் வரலாம். இரண்டையும் சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள், சில இடங்களில் குறிப்பாக எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் அந்தக் குறிப்பு சமையல்கூடம்வரை போய்ச் சேர்ந்ததா என்பதைத் தட்டு வந்த பிறகே அறியலாம்.

ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் எப்போதும் ஜி.எஃப்.எம்.எல். போடுகிறேன். அதில் கறி இருந்தால் ஒதுக்கிவிட்டுப் பழத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். சைவத் தட்டில் கோதுமை எதில் கலந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குழம்பு கெட்டியாக இருக்க மைதா கரைத்திருந்தால் யாருக்குத் தெரியும்?

29 டிசம்பர், சற்று நேரம் கழித்து

தட்டு வந்தவுடன் பார்க்க வேண்டியது: மூடியின்மேல் இருக்கை எண்ணும் குறியீடும் அச்சிட்ட ஸ்டிக்கர். அது இருந்தால் ஃபாயிலைப் பிரிக்கலாம். சிறப்பு உணவுகளை மற்றவர்களுக்கு முன்பே கொடுத்துவிடுவார்கள். பிறகு கூடையில் சூடான ரொட்டியை எடுத்துக்கொண்டு வரும் பணியாளர், நல்ல மனத்தோடு, குழந்தையின் தட்டிலும் ஒன்றை வைத்துவிடுவார். அந்த ஒரு நொடிக்காகவாவது பெரியவர் ஒருவர் விழித்திருக்க வேண்டும். நடு இரவில் கொடுக்கும் சாண்ட்விச், பிஸ்கட் போன்றவற்றுக்குச் சிறப்பு உணவு ஏற்பாடு பல நேரம் பொருந்தாது. அந்த நேரத்துப் பசிக்குக் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

2 ஜனவரி 2025

கையில் எடுத்துப்போகும் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். திரும்பும் பயணம் கடினம் என்று நான் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். மெல்போர்னிலிருந்து புறப்படும்போது நம் சமையலறையில், நாம் படித்துப் பார்த்து வாங்கிய பொருளில், நாமே செய்து எடுத்துக்கொள்கிறோம். திரும்பும்போது அண்ணன் வீட்டிலோ மாமியார் வீட்டிலோ அவர்களுடைய பாத்திரத்தில், அவர்களுடைய அஞ்சறைப் பெட்டியிலிருந்து செய்கிறோம். அந்த வீட்டில் யாருக்கும் நம்மீது அன்பு குறைவில்லை. சிக்கல் பெருங்காயத்தில் இருக்கிறது.

கடையில் கிடைக்கும் பெருங்காயத்தில் பெரும்பாலானவை கூட்டுப் பெருங்காயம். பிசினும் மாவும் சேர்த்தால்தான் அந்தக் காரம் அடங்கும். அந்த மாவு பல தயாரிப்புகளில் மைதா. தூளில் மட்டும் இருக்கும், கட்டிப் பெருங்காயம் சுத்தமானது என்று நம்மூரில் ஒரு நம்பிக்கை உண்டு. கட்டியும் கூட்டாக இருக்கலாம். டப்பாவின் பின்பக்கத்தில் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 லேபிள் விதிகளின்படி குளூட்டன் உள்ள தானியம் சேர்த்திருந்தால் அதைத் தனியாக அறிவிக்க வேண்டும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கிடைக்கிறது, தேடி வாங்கலாம். நான் வந்த அன்றே ஒரு டப்பா வாங்கி, மதினியிடம் கொடுத்து, பழையதை மேல் பரணில் வைக்கச் சொல்லிவிட்டேன்.

சாம்பார், ரசம், புளிக்காய்ச்சல், இட்லிப் பொடி, முறுக்கு, ஊறுகாய் என்று பெருங்காயம் படாத பண்டம் நம் வீடுகளில் குறைவு. இட்லியும் தோசையும் அரிசிதானே, நமக்கு என்ன கவலை என்று ஊருக்கு வரும் சீலியாக் நோயாளிகள் இந்த இடத்தில்தான் சிக்குகிறார்கள்.

3 ஜனவரி

கோவையிலிருந்து ஒருவர், ஒரு சிட்டிகைப் பெருங்காயத்துக்கு இவ்வளவு பயம் தேவையா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி, கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஒரு சிட்டிகை கால் கிராம் என்றும், அதில் பாதி மைதா என்றும், மைதாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்றும் வைத்துக்கொண்டால், ஒரு சட்டி சாம்பாரில் சேர்வது சுமார் 12 மில்லிகிராம். நான்கு பேர் பகிர்ந்தால் ஒருவருக்கு 3 மில்லிகிராம். சீலியாக் உள்ளவர்களில் பெரும்பாலோர்க்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராமுக்குள் இருந்தால் குடலுக்குக் கேடு வருவது அரிது என்றும், அன்றாடம் 50 மில்லிகிராம் சேர்ந்தால் கேடு உண்டாகும் என்றும் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஒரு துண்டு ரொட்டியில் 2 கிராமோ அதற்கு மேலோ இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரு வேளைச் சாம்பாரில் விழும் சிட்டிகை பெரிய ஆபத்து இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் புளிக்காய்ச்சலுக்கு யாரும் சிட்டிகை போடுவதில்லை. ஒரு சிறு கரண்டி, 2 கிராம் என்று வைத்தால் 100 மில்லிகிராம் குளூட்டன். அதை ஐந்து வேளையாகச் சாப்பிட்டாலும் வேளைக்கு 20. பயணத்துக்கு நாம் கட்டிக்கொண்டு போவது சாம்பார் அல்ல, புளியோதரை. அதோடு காலை இட்லிப் பொடி, மதியம் ரசம், மாலை முறுக்கு என்று ஒரே நாளில் எல்லாம் சேர்கிறது. புறப்படுவதற்கு முந்தைய வாரம் விருந்தும் அதிகம். ஆகவே பெருங்காயத்தை மாற்றுங்கள் அல்லது பயணச் சமையலில் விட்டுவிடுங்கள் என்ற என் கருத்தில் மாற்றம் இல்லை. வாசனைக்குச் சிறிது வெந்தயமும் கடுகும் வறுத்துப் பொடித்துப் போட்டால் புளிக்காய்ச்சல் குறைபடாது.

5 ஜனவரி

மாவு மில்லைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஆனால் இன்று இடியாப்ப மாவு அரைக்கப் போனபோது பார்த்ததை எழுதத் தோன்றுகிறது. எனக்கு முன்னால் நின்றவர் சம்பா கோதுமை அரைத்தார். அவருடைய மாவு முடிந்த பிறகும் துணிக்குழாயின் மடிப்புகளில் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருந்தது. மில்காரர் குழாயை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு அடுத்த தூக்கை வைக்கச் சொன்னார். மிளகாய் அரைத்த பிறகு அரிசி அரைக்க யாரும் சம்மதிப்பதில்லை, காரம் நாக்கில் தெரியும் என்பதால். கோதுமை நாக்கில் தெரியாது. நான் அரைக்காமல் திரும்பிவிட்டேன். வீட்டு கிரைண்டரில் ஊறவைத்து அரைத்த இட்லி மாவே போதும். ராகி, கம்பு மாவு வேண்டுமானால் சிறிய மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்கிறேன்.

தோசைக்கல்லைப் பற்றியும் கேளுங்கள். சர்க்கரை நோய் உள்ள பெரியவர்கள் இருக்கும் வீட்டில் இரவு தவறாமல் சப்பாத்தி, அதுவும் பல வீடுகளில் அதே கல்லில். இரும்புக்கல்லைச் சோப்புப் போட்டு யாரும் தேய்ப்பதில்லை. இட்லித் தட்டில் இந்தச் சிக்கல் இல்லை, ரவா இட்லி வார்க்காத வீடாக இருந்தால்.

6 ஜனவரி

குளூட்டனைச் செரிக்கும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு சாப்பிடலாமா என்று கேட்டவருக்கு: சீலியாக் இருந்தால் கூடாது. அந்த நொதிகள் குளூட்டனில் ஒரு பகுதியைச் சிதைக்கலாம். மிச்சம் குடலைப் போய்ச் சேரும். மாத்திரை இருக்கிறது என்ற தைரியத்தில் விமானத்து ரொட்டியைக் குழந்தைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

11 ஜனவரி

அல்வாவைப் பற்றி எழுதாமல் நெல்லையிலிருந்து ஒரு பதிவு முடியாது. திருநெல்வேலி அல்வா சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்த பாலில் செய்வது. எனக்கு அது முழுக்கவே விலக்கு. ஆனால் மெல்போர்னில் என் வீட்டாரும் நண்பர்களும் ஆசையாகக் காத்திருப்பார்கள், அத்தை கட்டாயம் வாங்கித் தருவார். அதை வேண்டாம் என்று சொல்லி அவர் முகம் வாடுவதைப் பார்க்க எனக்கு மனமில்லை. கடைப் பொட்டலத்தைப் பிரிக்காமல், இன்னொரு பிளாஸ்டிக் பையில் கட்டி, பெரிய பெட்டிக்குள் போட்டுவிடுகிறேன். கைப்பையில் என் சாப்பாட்டோடு அது சேரக்கூடாது. எண்ணெயும் நெய்யும் கசியும் பண்டம் அது.

"ஒரு விள்ளல் சாப்பிட்டால் என்ன ஆகிவிடும், கோதுமை உடம்புக்கு நல்லதுதானே" என்று அத்தை இம்முறையும் கேட்டார். நெதர்லாந்தில் டிக்கே என்ற குழந்தை மருத்துவர், இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் ஊரே பட்டினி கிடந்தபோது இந்த நோயுள்ள குழந்தைகள் தேறியதையும், ரொட்டி திரும்பி வந்ததும் அவர்கள் மறுபடி நலிந்ததையும் கவனித்தார், 1950இல் அதை ஆய்வேடாகவே எழுதினார் என்று சொன்னேன். அத்தை அமைதியாகக் கேட்டுவிட்டு, அந்தக் குழந்தைகள் பிறகு என்ன சாப்பிட்டார்கள் என்று விசாரித்தார். அரிசியும் கொடுக்கலாம் என்றேன். அதன் பிறகு அவர் வற்புறுத்தவில்லை. மருத்துவச் சொற்களைவிட இந்தக் கதை வீட்டுப் பெரியவர்களிடம் எளிதாகப் போய்ச் சேர்கிறது. உங்கள் மாமியாரிடமும் சொல்லிப் பாருங்கள்.

16 ஜனவரி

நாளை மாலை நெல்லை எக்ஸ்பிரஸ். அண்ணன் வீட்டு அடுப்பிலிருந்து மெல்போர்னில் என் அடுப்புவரை ஏறத்தாழ ஒன்றரை நாள். திரும்பும் பயணத்தை விமான நிலையத்திலிருந்து கணக்கிடுபவர்கள் இந்த ரயில் இரவையும் சென்னையில் காத்திருக்கும் பகலையும் மறந்துவிடுகிறார்கள்.

எதை எப்போது சாப்பிடுவது என்ற வரிசைதான் முக்கியம். ரயிலில் இட்லி: ஆறிய பிறகு நல்லெண்ணெயும் பெருங்காயம் போடாத பொடியும் இருபுறமும் தடவி, வாழையிலையில் மடித்து வைக்கிறோம். சென்னையில் பகலுக்குப் புளியோதரை. புளியும் எண்ணெயும் இருப்பதால் வெறும் சோற்றைவிடத் தாங்கும், ஆனாலும் வெயில் நாளில் இரவுக்கு மேல் வைத்திருக்க மாட்டேன். விமானத்துக்கு ஈரமில்லாதவை மட்டும்: மெல்லிய அவல், வீட்டில் வறுத்த வேர்க்கடலை, பொட்டுக்கடலை, கடலை மிட்டாய், வாழைப்பழம்.

அவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் இரண்டு கைப்பிடி மெல்லிய அவல், நாட்டுச் சர்க்கரை, ஏலக்காய்ப் பொடி. விமானத்தில் பணியாளரிடம் ஒரு கோப்பை வெந்நீர் கேட்டால் தயங்காமல் தருவார்கள். அவல் நனையும் அளவுக்கு மட்டும் ஊற்றி, மூடி, சிறிது நேரம் விட்டால் பூவாக மலர்ந்துவிடும். கெட்டி அவல் இப்படி ஊறாது, நடுவில் கடிபடும். குழந்தைக்கு இனிப்புப் பிடிக்காவிட்டால் உப்பும் சீரகப் பொடியும் போதும். சிறப்பு உணவு வராமலே போனாலும் இது ஒரு வேளையைத் தாங்கும். சென்ற முறை எனக்கு அப்படித்தான் ஆயிற்று. ஒரு விமானத்தில் என் பெயருக்கு எதுவும் ஏற்றப்படவில்லை, பணியாளர் வருந்தி ஓடியாடித் தேடி இரண்டு ஆப்பிள் கொண்டுவந்து கொடுத்தார்.

17 ஜனவரி, ரயில் ஏறுமுன்

சட்னி, தயிர், நெய், ஊறுகாய் எல்லாம் பாதுகாப்புச் சோதனையில் திரவக் கணக்கில் சேரும். 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட பாத்திரத்தில் இருந்தால் வாங்கி வைத்துவிடுவார்கள். மிளகாய்ப் பொடியைத் தனி டப்பாவில் கைப்பையில் வைக்காதீர்கள், அதற்கும் தடை சொல்லலாம். குழந்தைக்கு மருத்துவ காரணத்தால் தேவைப்படும் தனி உணவு என்று மருத்துவரின் கடிதம் ஒன்றை ஆங்கிலத்தில் வாங்கி வைத்தால் சோதனையிலும் விமானத்திலும் பேச்சு சுருங்கும்.

20 ஜனவரி

வந்து சேர்ந்தேன். சென்னையிலிருந்து ஏறிய தட்டில் ஸ்டிக்கர் இருந்தது. சோறும் வேகவைத்த காய்கறியும், பக்கத்தில் உறை பிரிக்காத அரிசி ரொட்டி. சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. சிங்கப்பூரிலிருந்து ஏறியதில் கோழி, அவலைச் சாப்பிட்டேன்.

ஆஸ்திரேலியாவில் இறங்குமுன் செய்ய வேண்டியதை இப்போது எழுதுவதே சரி. மிச்சம் இருக்கும் பழம், இலை, விமானத்தில் கொடுத்த சாப்பாடு எதையும் வெளியே கொண்டுவரக் கூடாது. விமானத்திலேயே விட்டுவிட வேண்டும். பெட்டியில் உள்ள அல்வா, பொடி, கடலை, அப்பளம் அத்தனையையும் வருகைப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தால், அவர்கள் எடுத்துக்கொண்டாலும் அபராதம் இல்லை, மறைத்தால்தான் தண்டனை. குளூட்டன் இல்லாத சாப்பாடு வைத்திருப்பவர்கள் அடுத்த வேளைக்கு ஆகும் என்று ஒரு வாழைப்பழத்தைப் பைக்குள் விட்டுவிடுவது இயல்பு. கடைசி உணவு நேரத்தில் பையை முழுக்கக் கொட்டிப் பார்த்துவிடுங்கள்.

வீட்டில் சாப்பிட என்ன இருக்கிறது என்பதையும் புறப்படும்போதே தீர்மானித்திருக்க வேண்டும். ஊருக்குக் கிளம்பும் முன்பே இட்லியை அவித்து உறைபெட்டியில் வைத்திருந்தேன். களைத்துப்போய் வந்து இறங்கும் வேளையில்தான் கிடைத்ததை வாங்கிச் சாப்பிடும் சபலம் அதிகம்.

21 ஜனவரி

இந்தியாவில் "குளூட்டன் இல்லாதது" என்று அச்சிட்ட சிற்றுண்டிகளை மகளுக்காகப் பெட்டி நிறைய வாங்கியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இந்திய விதி கிலோவுக்கு 20 மில்லிகிராம்வரை அனுமதிக்கிறது. உலகில் பெரும்பாலும் அதுவே அளவு, பாதுகாப்பானதும்கூட. ஆஸ்திரேலிய விதி இன்னும் கடுமையானது: சோதனையில் குளூட்டன் தென்படவே கூடாது, ஓட்ஸுக்கு அந்தப் பெயரே கொடுக்கக் கூடாது. இந்திய அளவும் பாதுகாப்பானதுதான் என்பதால் அவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் மெல்போர்னில் கிடைப்பதை விமானத்தில் சுமந்துவரத் தேவையும் இல்லை. அந்த இடத்தில் அரிசி மாவுப் பெருங்காயம் நான்கு டப்பா வைத்துக்கொள்ளுங்கள், அதையும் அறிவித்துவிட்டு.

24 ஜனவரி

நீங்கள் நலமாக வந்து சேர்ந்ததும், சென்னையில் தொலைபேசியில் கேட்டபோது இரண்டாவது விமானத்துக்குக் கோரிக்கை பதிவாகாமல் இருந்ததைக் கண்டுபிடித்துச் சேர்த்ததும் மகிழ்ச்சி. உங்கள் கணவர் இனி ஒவ்வொரு முறையும் தானே அழைப்பதாகச் சொன்னது அதைவிட மகிழ்ச்சி.

கொழும்பு வழியாக யாழ்ப்பாணம் போய்த் திரும்பும் டொரன்டோ வாசகருக்கு: உங்கள் பக்கத்தில் கவனிக்க வேண்டியது பெருங்காயத்தைவிட இடியப்பமும் பிட்டும். அரிசி மாவோடு அவித்த கோதுமை மாவைக் கலப்பது யாழ்ப்பாண வீடுகளில் சாதாரணம். வெள்ளை இடியப்பம் முழுக்கக் கோதுமை மாவாகவும் இருக்கலாம். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள், சிவப்பிலும் கலப்பு உண்டு. பயணத்துக்குக் கட்டித் தருபவர்களிடம் தனிச் சிவப்பரிசி மாவில், கழுவிய உரலில் பிழியச் சொல்லுங்கள். குரக்கன் (ராகி) மாவுப் பிட்டு என்றாலும் கோதுமை மா சேர்த்தார்களா என்று கேட்டுவிட்டே வாங்குங்கள்.